ருக்கு மேடம் பார்க்காத பள்ளத்தாக்கு

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. நில அளவைத் துறை அலுவலகத்தில் ஒரு பழைய கிராம வரைபடத்தின் மேல் பூதக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டிருந்த ருக்குவின் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. அல்போன்சா செய்தி அனுப்பியிருந்தாள். "லிஸ்ட் வந்துடுச்சு மேடம். உக்காந்துட்டுப் படிங்க."

ருக்கு உட்கார்ந்துதான் இருந்தாள். படித்து முடித்ததும் எழுந்து நின்றாள்.

'ஃபார் ரிட்ஜ்' என்ற ராணுவ விளையாட்டின் இரண்டாம் பாகம் நவம்பரில் வருவதாக இருந்தது. அதை ஓட்ட ஒரு கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்க வேண்டும் என்கிற பட்டியல் அது. எட்டு கோர் பிராசஸர், முப்பத்திரண்டு ஜி.பி. ராம், பன்னிரண்டு ஜி.பி. கிராஃபிக்ஸ் கார்டு. தலைப்பை அவள் மறுபடி பார்த்தாள். 'குறைந்தபட்சம்' என்று போட்டிருந்தது. பக்கத்தில் 'இருந்தால் நல்லது' என்று இன்னொரு வரிசை. அந்தப் பக்கம் அவள் கண்ணைத் திருப்பவே இல்லை.

ருக்குவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்த ஆட்டம் அவளிடம் வந்து சேர்ந்ததே தற்செயல்தான். மகள் ரக்ஷா புனேவுக்கு வேலைக்குப் போனபோது தன் பழைய கம்ப்யூட்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். ஊரடங்கில் ஒரு மாலை, தூசி தட்டப்போன ருக்கு அதைத் திறந்தாள். முதல் பாகம் அதில் இருந்தது. துப்பாக்கியை அவள் சட்டை செய்யவில்லை. வரைபடம்தான் அவளைப் பிடித்து இழுத்தது. உயரத்தைக் காட்டும் காண்டூர் கோடுகள் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். கோடு நெருங்கிய இடத்தில் சரிவு செங்குத்தாக இருக்குமா என்று பார்க்க, அந்தச் சிப்பாயை மலைமேல் ஏற்றினாள். இருந்தது. "ஏன்னா, எவனோ ஒழுங்கா சர்வே பண்ணியிருக்கான்," என்று கணவரிடம் வந்து சொன்னாள். அன்றைக்குத் தொடங்கியது.

அது ஓடி ஓடிச் சுடுகிற ஆட்டமல்ல. ஒரு குன்றைப் பிடிக்க ஒரு மாலை முழுக்க ஆகும். அதில் முக்கால்வாசி நடையும் காத்திருப்பும். தண்ணீர் தீர்ந்தால் சிப்பாய் தள்ளாடுவான். காற்றடித்தால் குண்டு விலகும். முதல் வாரத்திலேயே பாதிப் பேர் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். முப்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவளுக்குக் காத்திருப்பது ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. இணையத்தில் கூடி ஆடும் ஒரு படைப்பிரிவில் சேர்ந்தாள். மார்ட்டர் என்கிற சின்னப் பீரங்கியை அவளிடம் கொடுத்தார்கள். குழாயைச் சாய்த்துவைத்து, குண்டை வானத்தில் எறிந்து, மலைக்கு அந்தப்பக்கம் விழச் செய்ய வேண்டும். தூரமும் கோணமும்தான் அதில் எல்லாம். அதாவது அவள் அலுவலகத்தில் செய்கிற வேலை, கையெழுத்து வாங்க அலையாமல்.

அவள் இருந்த படைப்பிரிவுக்குத் தலைவி அல்போன்சா. அவள் கணவன் தினேஷ் முன்னால் போய் ஒளிந்திருந்து எதிரியைப் பார்த்துச் சொல்கிறவன். லிங்கராஜபுரத்தில் அவர்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருந்தது. ருக்குவின் வீடு அல்சூரில். நடுவில் அரைமணி நேர தூரம்தான். "ஒரு நாள் நேர்ல பாக்கணும் மேடம்," என்று இரண்டு வருஷமாக ஒவ்வொரு வாரமும் சொல்லிக்கொண்டார்கள். பெங்களூரில் அப்படிச் சொல்வதே பாதி சந்தித்த மாதிரி என்பதால் யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

அன்று மாலை ருக்கு வீட்டுக்கு வந்தபோது சுப்ரமணியன் சமையலறையில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். விதான சௌதாவில் மொழிபெயர்ப்புப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு சமையலை அவர் எடுத்துக்கொண்டார். எடுத்ததைத் திருப்பித் தரவில்லை.

"ராம் முப்பத்திரண்டு வேணுமாம்," என்றாள் ருக்கு, பையை வைக்காமலே.

"நம்மாத்துல எத்தனை இருக்கு?"

"எட்டு."

"ஒரே ஒரு ராமரை வெச்சுண்டு இத்தனை காலம் ஓட்டியாச்சு. எட்டு இருந்தும் போறலைங்கறான்னா அவன் என்ன ஆளு?"

"விளையாடாதேங்கோ. சனிக்கிழமை சோதனை ஆட்டம் வெக்கறா. மூணுலேர்ந்து அஞ்சு. எங்க படைக்கு எடம் கெடைச்சிருக்கு. என் மெஷின்ல அது தொறக்குமான்னே தெரியலை."

"வாங்கிட்டாப் போச்சு."

அதுவும் நடக்கவில்லை. கம்ப்யூட்டர் சாமான் விற்கிற எஸ்.பி. ரோடில் தினேஷ் தெரிந்த எல்லாக் கடைக்கும் போன் போட்டுப் பார்த்தான். பட்டியல் வந்த அன்றே ஊரில் இருந்த கார்டையெல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தார்கள். "மூணு வாரம் ஆவும்னு சொல்றாங்க மேடம். பேரு எழுதி வெச்சிருக்கேன்," என்றான். அவன் குரலில் மருத்துவமனை வாசலில் நின்று பேசுகிற பணிவு இருந்தது.

புதன்கிழமை அல்போன்சா கூப்பிட்டாள். மைக்கில் அவள் பேச்சு ஆணி அடித்தாற்போல இருக்கும். அன்றைக்குச் சுற்றி வளைத்தாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஒரு தடவை மட்டும் மார்ட்டர்ல சாய்கிருஷ்ணாவைப் போடட்டுமா? அவன்கிட்ட புது மெஷின் இருக்கு."

சாய்கிருஷ்ணா வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் வித்தியாசம் தெரியாதவன். போன மாதம் தன் படையின் சமையல் வண்டி மேலேயே குண்டு போட்டவன். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடு," என்று மட்டும் சொன்னாள் ருக்கு.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து சோதனை ஆட்டத்தை இறக்கினாள். திறந்தது. ஆனால் ஒரு விநாடிக்கு ஒன்பது படம்தான் வந்தது. நல்ல கம்ப்யூட்டரில் அறுபது வரும். சிப்பாய் காலைத் தூக்கினான். அந்தக் கால் கீழே இறங்குவதற்குள் ஒரு வாய் காப்பி குடிக்க முடிந்தது. தூரத்தில் மலையென்று ஏதோ கட்டம் கட்டமாகத் தெரிந்தது. பெட்டிக்குள் விசிறி பிரஷர் குக்கர் மாதிரி சத்தம் போட்டது. சுப்ரமணியன் எட்டிப் பார்த்துவிட்டு, "விசில் எத்தனை விடணும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ருக்கு வெறுத்துப்போய் மௌஸைத் தள்ளினாள். சிப்பாயின் தலை குனிந்தது. திரை முழுக்கச் சேறு. மூலையில் இருந்த எண்ணிக்கை ஒன்பதிலிருந்து இருபத்து நாலுக்கு ஏறியது.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மலையைப் பார்த்தாள்: ஒன்பது. வானத்தைப் பார்த்தாள்: இருபத்தொன்று. மறுபடி சேற்றைப் பார்த்தாள்: இருபத்து நாலு. மரத்துக்கு இலை வேண்டாம், நிழல் வேண்டாம், புல் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனாள். கடைசியில் ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் போய் நின்று காலடியைப் பார்த்தபோது முப்பத்தொன்று வந்தது.

உடனே அல்போன்சாவைக் கூப்பிட்டாள்.

"மார்ட்டர் எப்பவும் குன்றுக்குப் பின்னாடிதானே இருக்கும்? நான் மண்ணைப் பாத்துண்டே இருக்கேன். தினேஷ் எனக்குக் கண்ணா இருக்கட்டும். தூரமும் திசையும் சொன்னாப் போறும், மிச்சத்தை நான் காகிதத்துல பாத்துக்கறேன்."

"ரெண்டு வருஷமா வெயிட் பண்ணீங்க மேடம். ஒண்ணுமே பாக்க மாட்டீங்களே."

"குண்டு விழறதை நான் பாக்கணும்னு இல்லை. விழுந்தாப் போறும்."

"அப்போ சாய்கிருஷ்ணாகிட்ட வேணான்னு சொல்லிடறேன்," என்றாள் அல்போன்சா. அவள் குரல் பழையபடி ஆணி அடித்தது.

விளையாட்டுக்குள் வரைபடத்தைத் திறந்தால் கம்ப்யூட்டர் உறைந்துவிடும். ஆகையால் தயாரித்தவர்கள் வெளியிட்ட படத்தைப் பெரிதாக அச்செடுத்து, வெள்ளிக்கிழமை மாலை முழுக்க உட்கார்ந்து, டிரேசிங் தாளில் கையால் வரைந்தாள் ருக்கு. ஆறு, பாலம், ஊருக்கு வடக்கே பள்ளத்தாக்கு, ஐந்து மீட்டருக்கு ஒரு காண்டூர் கோடு. சாப்பாட்டு மேஜை அவள் வசமானது. சுப்ரமணியன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார். தின்றுகொண்டே தாளை எட்டிப் பார்த்தவர், இரண்டாவது தடவை ரசம் விட்டுக்கொள்ளும்போது, "எத்தனை தூரத்துக்கு எத்தனை கோணம்கற அந்த அட்டவணையை நான் வாசிக்கறேனே," என்றார். "நாப்பது வருஷம் அடுத்தவா எழுதினதை வாசிச்சிருக்கேன்."

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகடு கழற்றப்பட்டு, டேபிள் ஃபேன் அதன் வயிற்றுக்கு நேராக வைக்கப்பட்டது. ருக்கு மைக் வைத்த ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். இடது பக்கம் மேஜைமேல் வரைபடம், ஸ்கேல், பாகைமானி. வலது பக்கம் அட்டவணையோடு சுப்ரமணியன். திரையில் சேறு.

எதிரியின் லாரிகள் நாலு மணி வாக்கில் பாலத்துக்கு வரும், அவை கடந்துவிடக் கூடாது. பாலத்தை உடைக்க வேண்டும். அவ்வளவுதான் உத்தரவு. முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மற்றவர்கள் ஊர்ந்து ஊர்ந்து முன்னேறிக்கொண்டிருந்தார்கள். தினேஷ் ஆற்றங்கரை மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். சேர்ந்ததும் அவன் குரலே மாறிப்போயிற்று.

"மேடம், எப்பிடி இருக்கு தெரியுமா. ஆத்து மேல பனி அப்பிடியே படுத்துனு இருக்கு. அந்தப்பக்கம் மஞ்சளா ஏதோ பூ, மலை பூரா..."

"பூ இருக்கட்டும். பாலம் எங்கே?"

"சாரி மேடம்." தூரத்தையும் திசையையும் சொன்னான்.

ருக்கு கோடு போட்டாள். சுப்ரமணியன் அட்டவணையை வாசித்தார். ஏதோ அரசாணையைப் படிப்பது போல எண்ணுக்கு எண் நிறுத்தி வாசித்தார். முதல் குண்டு போயிற்று. இருபத்திரண்டு விநாடி காத்திருந்தார்கள்.

"லெஃப்ட்ல அறுபது மீட்டர், மேடம்."

திருத்தினாள். இரண்டாவது போயிற்று.

"திசை கரெக்ட். ஆனா பாலத்துக்கு முன்னாடியே விழுந்துடுச்சு. ஒரு மேடு இருக்குல்ல, அது தலைல விழுந்துச்சு."

ருக்கு தாளைப் பார்த்தாள். பாலத்துக்கு இந்தப்பக்கம் ஒரு கோடுகூட இல்லாத வெற்றிடம். "அங்கே மேடு கெடையாது, தினேஷ்."

"இருக்கு மேடம். நான் பாத்துட்டுதானே இருக்கேன்."

"மேப்புல இல்லை."

"மேடம்," என்று அல்போன்சா குறுக்கே வந்தாள், "லாரி சத்தம் கேக்குது. மேடு இருக்கா இல்லையான்னு அப்புறம் சண்டை போட்டுக்கலாம்."

ருக்குவுக்கு அந்த நேரம் மிகவும் கஷ்டமாக இருந்தது. வரைபடத்தை நம்பாமல் ஒரு மனுஷன் வாய்வார்த்தையை நம்பி அவள் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. அலுவலகத்தில் நிலத்துக்காரர்கள் வந்து அழுதால்கூட, "மேப் என்ன சொல்றதுன்னு பாக்கலாம்" என்றுதான் சொல்வாள். சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலை எடுத்து, வெற்றிடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள்.

"மேடு எத்தனை உயரம் இருக்கும்?"

"ரெண்டு ஆள் இருக்கும். கூடவே இருக்கலாம்."

"ஏன்னா, அடுத்த சார்ஜ் பக்கத்துக்குப் போங்கோ, குண்டுக்கு மருந்தைக் கூட்டணும். குழாயை நன்னா நிமித்தணும். குண்டு மேட்டைத் தாண்டி நெட்டுக்குத்தலா எறங்கணும்."

சுப்ரமணியன் பக்கத்தைத் திருப்பி வாசித்தார். ருக்கு சுட்டாள். அதே கணம் கம்ப்யூட்டர் நின்றுபோயிற்று. சேறு அசையவில்லை. குரல் வரவில்லை. சுப்ரமணியன் ஃபேனைத் தூக்கி இன்னும் கிட்டே பிடித்தார். தெருவில் பூண்டு விற்கிறவன் இரண்டு வீடு தாண்டிப் போனான். திடீரென்று ஏழெட்டுப் பேர் ஒரே சமயத்தில் பேசுகிற இரைச்சல் காதில் வந்து விழுந்தது.

"என்ன ஆச்சு?" என்றாள் ருக்கு. "யாராவது சொல்லுங்கோளேன்."

"பாலம் போச்சு மேடம்," என்றான் தினேஷ். "முதல் லாரி நடுவுல இருக்கும்போதே போச்சு. ரெண்டும் ஆத்துல."

சுப்ரமணியன் ஃபேனைக் கீழே வைத்துவிட்டு வேஷ்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ஆட்டம் முடிந்தபின் ஆளாளுக்குப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பனியைப் பற்றி, தண்ணீரில் லாரி விழுந்தபோது எழுந்த அலையைப் பற்றி, பாலத்துக்குமேல் பறந்த கொக்கைப் பற்றி. ருக்கு கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரத்தில் அவள் பார்த்தது ஒன்றரை அடிச் சேறும், அதில் மூன்று கூழாங்கல்லும். அந்தக் கல் ஒவ்வொன்றின் வடிவமும் அவளுக்கு மனப்பாடம். கல்யாண வீட்டில் மூன்று நாளும் அடுப்படியிலேயே நின்றவளைப் போல இருந்தது.

"அந்த மேட்டை நான் பாக்கணும்," என்றாள்.

"நாளைக்கு சாயந்தரம் வரைக்கும் தொறந்துதான் இருக்கும் மேடம். சும்மா சுத்திப் பாக்கலாம்," என்றாள் அல்போன்சா. "நாங்க சர்ச்சுல பூசை முடிஞ்சு பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்துடுவோம். எங்க மெஷின்ல பாருங்க. நெஜமாவே வாங்க, சும்மா சொல்லலை."

இந்தத் தடவை போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சுப்ரமணியனின் ஸ்கூட்டரில், ஒரு டப்பா தேங்காய் பர்பியோடு. கடைக்கு மேல்மாடியில் வீடு. கதவைத் திறந்த பெண் ருக்குவின் தோளுயரம்கூட இல்லை. மல்லிகை வைத்துக்கொண்டு, கோயிலுக்குக் கட்டிய பட்டுப்புடவையை இன்னும் மாற்றாமல் நின்றாள்.

"அல்போன்சா இருக்காளா?" என்று கேட்டாள் ருக்கு.

"நான்தான் மேடம்."

ருக்குவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறடி உயரத்தில், தோளை விரித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தியைத்தான் இரண்டு வருஷமாக மனத்தில் வைத்திருந்தாள். "உன் சத்தத்துக்கு நான் பயந்துண்டிருந்தேனேம்மா," என்றாள். அல்போன்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே அழைத்துப்போனாள். பின்னால், வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பெரிய உடம்புக்காரன் தினேஷ். வெட்கத்தில் சுப்ரமணியனிடம்தான் முதலில் பேசினான்.

கம்ப்யூட்டர் தயாராக இருந்தது. ருக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் சிப்பாயின் தலையைக் குனியவைத்தாள். சேற்றில் இப்போது ஈரம் மின்னியது. ஒரு எறும்பு போயிற்று. பிறகு மெதுவாக மௌஸை மேலே நகர்த்தினாள்.

பள்ளத்தாக்கு முழுவதும் எதிரே விரிந்தது. தன் கையால் கோடு கோடாக வரைந்த இடம். எழுபத்தைந்து மீட்டர்க் கோடு வளைகிற இடத்தில் பாறை நீட்டிக்கொண்டிருந்தது. கோடுகள் நெருங்குமிடத்தில் சரிவு விழுந்தது. மஞ்சள் பூ காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. தினேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அல்போன்சா அவன் தோளைத் தட்டி நிறுத்தினாள்.

ருக்கு நேராக மேட்டுக்குப் போனாள். அங்கே இருந்தது, புல்லும் மஞ்சள் பூவும் முளைத்து, உச்சியில் நேற்று அவள் போட்ட குண்டின் பள்ளத்தோடு. சுற்றிவந்து அடியெண்ணி அளந்தாள். "ஏழு மீட்டர் உயரம். நாப்பது மீட்டர் நீளம்," என்றாள். "இத்தனை பெரிசை எப்படி விட்டான்?" கைப்பையிலிருந்து டிரேசிங் தாளை எடுத்து அந்த வட்டத்தை மையால் திருத்திப் போட்டாள்.

"வேலை ஆச்சோல்லியோ?" என்றார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சுப்ரமணியன். "ஆத்தங்கரை வரைக்கும் போயேன்."

போனாள். உடைந்த பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொக்கு ஒன்று நின்றது. "துப்பாக்கியை உள்ள வெக்க முடியுமா?" என்று கேட்டார் அவர். ருக்கு அதைத் தோளில் மாட்டினாள். இருவரும் ஆற்றோரமாகவே நடந்தார்கள், கல்யாணமான புதிதில் மைசூரில் நடந்ததைப் போல. "இங்கே ஒரு வீடு கட்டிண்டா..." என்று அவர் ஆரம்பித்தார்.

திரை கறுத்தது. எதிர்ப்பக்கத்தில் எவனோ ஒருவன் காத்திருந்து சுட்டிருந்தான்.

"யாருடி அவன்?" என்றார் சுப்ரமணியன் கோபமாக. "பேசிண்டிருக்கச்சயே சுடறான். சும்மா பாக்க வந்தவா மேல என்ன இது?"

"வடமேற்கு, நானூறு மீட்டர், அந்தப் பாறைக்குப் பின்னாடி," என்றாள் ருக்கு. "தினேஷ், மார்ட்டர் எடுத்துண்டு வர எத்தனை நேரம் ஆகும்?"

அல்போன்சா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். அன்று மத்தியானம் சாப்பாடு மூன்றரை மணிக்குத்தான் ஆயிற்று.

திங்கட்கிழமை ருக்கு விளையாட்டைத் தயாரித்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினாள். பாலத்துக்குத் தெற்கே வரைபடத்தில் விடுபட்ட மேடு, அதன் உயரம், நீளம், திசை, கையால் போட்ட படம் எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம். ஆங்கிலத்தைச் சுப்ரமணியன் சரிபார்த்துக் கொடுத்தார். வியாழக்கிழமையே பதில் வந்தது. மிக்க நன்றி, வரைபடத்துக்கும் நிலத்துக்கும் இருந்த முரண்பாட்டை நீக்கிவிட்டோம், அந்த மேட்டை எடுத்தாகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள்.

ருக்கு அதை இரண்டு முறை படித்தாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கைபேசியைக் கணவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மேப்பைத் திருத்துடான்னா மலையை எடுத்துட்டான்."

சுப்ரமணியன் கரண்டியை வைத்துவிட்டுப் படித்தார். "ரொம்ப சுலபமான வழி," என்றார். "உங்க டிபார்ட்மெண்டுக்கு இது தோணலியே இத்தனை நாளா."

"அந்தப் பூவெல்லாம் என்ன ஆச்சுன்னு கேக்கணும். மேப்புக்காக நெலமா, நெலத்துக்காக மேப்பா? எழுதறேன் பாருங்கோ."

அடுப்பைக் குறைத்துவிட்டு அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தட்டச்சு செய்யச் செய்யப் படித்துக்கொண்டு வந்தவர், மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"இந்த 'ப்ளீஸை' எடுத்துடு," என்றார்.